முதலாண்டு மாணவனும் சென்னைச் சர்வகலாசாலையும்

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் சொல்லச் சொல்ல எழுதியும், எழுதியதை மனனம் செய்து ஒப்பித்தும் பழகிய ஒரு பிள்ளை, கல்லூரி மண்டபத்தில் நூறு பேர் நடுவே அமர்ந்து, நிற்காமல் ஓடும் விரிவுரையில் எதைக் குறித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று புரியாமல் கலங்கும் அந்த முதல் வாரங்கள், நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று. எஃப்.ஏ. என்றும், இண்டர்மீடியட் என்றும், புகுமுக வகுப்பு என்றும், பட்ட வகுப்பின் முதலாண்டு என்றும் அந்தக் காலத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால், குறிப்பெடுத்தல், நூல்களைத் தேடிப் படித்தல், ஐயத்தைக் கேள்வியாக்குதல், தன் கருத்தைத் தன் நடையில் எழுதுதல் ஆகிய கல்வித் தொழிலின் அடிப்படைகளை அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பது என்ற வினா, சென்னைச் சர்வகலாசாலையின் சரித்திரம் நெடுகிலும் போதிய விடை பெறாமலே நிற்கிறது.

அந்தச் சர்வகலாசாலை பிறந்த விதத்திலேயே இதற்குரிய காரணம் இருக்கிறது. சென்னையில் உயர்தரக் கல்விக்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்று 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை 1839-ஆம் ஆண்டில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் சமர்ப்பித்தார். அதன் பயனாக 1841-இல் உயர்நிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டு, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று தேறிய ஈ. பி. பவல் அதன் தலைமை ஆசிரியரானார். அந்தப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையை அடியொற்றி, 1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தால் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது, அதற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டது அக்காலத்து லண்டன் சர்வகலாசாலை. போதிப்பது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுப்பதும், பரீட்சை நடத்துவதும், பட்டம் அளிப்பதும் சர்வகலாசாலையின் வேலை என்பதே அந்த ஏற்பாடு. ஆகவே, மாணவன் எவ்வாறு கற்கிறான் என்பதை அந்த மகா ஸ்தாபனம் நேரில் காணும் வழியே இல்லாமற் போயிற்று. விடைத்தாளின் வாயிலாக மட்டுமே அது அவனை அறிந்தது.

சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம்; அவர்கள் எப்படிப்பட்ட ஆயத்தத்தோடு பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்தார்கள் என்பதையும் உடன் நினைத்துப் பார்க்க வேண்டும். சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும் 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில், ஆங்கிலமும் தமிழும் கணிதமும் பௌதிக விஞ்ஞானமும் ஒருங்கே பயின்றவர்கள். தாமோதரம் பிள்ளை அதன் பின் உபாத்தியாயராகப் பணியாற்றி, சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தியவர். விசுவநாத பிள்ளை தாம் பயின்ற செமினரியிலேயே போதித்தவர். கற்பித்தும், எழுதியும், பிறர் எழுத்தைத் திருத்தியும் முதிர்ந்த பின்னரே அவர்கள் பட்டப் பரீட்சையை எதிர்கொண்டார்கள். பின்னாளில் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம் பிள்ளையின் உழைப்புக்கு வித்து, பரீட்சைக்கு முன்னரே அமைந்த இந்த அப்பியாசம்தான் என்று நான் திடமாக நம்புகிறேன்.

அத்தகைய ஆயத்தம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. மெட்ரிகுலேஷன் தேறி வந்தவர்கள் எஃப்.ஏ. என்னும் முதற்கலைப் பரீட்சையைத் தாண்டியே பி.ஏ. வகுப்பை அடைய முடியும் என்ற நிலை ஏற்பட்ட பிறகு, கல்லூரியின் தொடக்க வருஷங்கள் மாணவனைப் பழக்கும் காலமாக இல்லாமல் அவனை வடிகட்டும் காலமாக மாறின. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் அருகிருந்து பாடம் கேட்டு, ஏடு எழுதி, பிழை திருந்திப் பயின்ற உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் போதித்தார். அவர் மாநிலக் கல்லூரிக்குச் சென்ற மறு வருஷம் அதே கல்லூரியில் சம்பளச் சலுகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், அவர் ஆங்கிலத்தில் தவறிச் சலுகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றும் எஃப்.ஏ. தேற முடியவில்லை. 1913-இல் கேம்பிரிட்ஜின் ஹார்டி அவருடைய மேதையை உணர்ந்த பின்னர், அதே சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கி, தன் விதிகள் தந்த தீர்ப்பைப் பெருந்தன்மையோடு தானே கடந்தது. ராமானுஜனைப் போன்றவர் கோடியில் ஒருவரே. ஆயினும், ஒரு பாடத்தில் தேர்ந்த மாணவன் மற்றொரு பாடத்தில் ஏன் தடுமாறுகிறான் என்று அருகிருந்து விசாரித்து, அவனுக்கு வழி சொல்வதைத் தன் கடமையாகக் கொண்ட ஓர் ஏற்பாடு அன்று இல்லை என்பதற்கு அவருடைய சரித்திரம் என்றும் சாட்சியாக நிற்கும்.

அதே சென்னையில் வேறொரு போதனை முறையும் நிலவிவந்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, பிற்காலத்தில் கிண்டியில் நிலைபெற்ற பொறியியற் கல்லூரியின் மரபு, பிள்ளைகளை அளவைக் கருவிகளோடு களத்துக்கு அழைத்துச் சென்று பழக்கிய மரபு. பொறியியல் மாணவன் முதலாண்டிலேயே தச்சுப் பட்டறையிலும், கொல்லுப் பட்டறையிலும், ஃபிட்டிங் பகுதியிலும் நின்று, உளியையும் அரத்தையும் தன் கையால் பிடிக்க வேண்டும்; வரைபட வகுப்பில் கோடு தடித்தால் மறுபடி வரைய வேண்டும். இரும்புத் துண்டை அரத்தால் ராவி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் மீண்டும் ராவும் அந்த அப்பியாசத்தில், தவறு என்பது தண்டனைக்குரிய குற்றமாக அல்லாமல் திருத்திக்கொள்வதற்குரிய சந்தர்ப்பமாக இருந்தது. கைத்திறனுக்கு இவ்வளவு பொறுமையான போதனை வேண்டும் என்பதை உணர்ந்த நாம், வாசிப்பும் எழுத்தும் தர்க்கமும் அதே பொறுமையை வேண்டும் திறன்கள் என்பதைக் கலைக் கல்லூரிகளில் உணராமற் போனோம்.

1904-ஆம் ஆண்டின் சர்வகலாசாலைச் சட்டத்தின் விளைவாக எஃப்.ஏ. மறைந்து இண்டர்மீடியட் வந்தது. ஜூனியர் இண்டர், சீனியர் இண்டர் என்ற இரண்டு வருஷங்களில் மாணவன் கல்லூரிச் சூழலில் ஒருவாறு நிலைகொள்ள அவகாசம் இருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த 1948-49-ஆம் ஆண்டின் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், விரிவுரையோடு நில்லாமல், சிறு குழுக்களாக மாணவரை அழைத்து அவர்களுடைய எழுத்தைத் திருத்தும் முறையும், நூலகப் பயிற்சியும் அவசியம் என்று வற்புறுத்திற்று. பட்ட வகுப்பை மூன்றாண்டாக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. பின்னர் 1956-ஐ ஒட்டி இண்டர்மீடியட் நீங்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் அதன்மேல் மூன்றாண்டுப் பட்ட வகுப்பும் ஏற்பட்டபோது, ஆண்டுக் கணக்கு நிறைவேறியது; அந்த அறிவுரையின் உயிர்நாடியான சிறு குழுப் போதனை பெரும்பாலான கல்லூரிகளை எட்டவில்லை. உயர்நிலைப் பள்ளியில் தமிழில் படித்த கிராமத்துப் பிள்ளை, பௌதிகத்தையும் ரசாயனத்தையும் ஆங்கிலத்தில் கேட்டு, அந்தப் பாஷைக்குச் செவி பழகுமுன்னே பரீட்சை எழுத நேர்ந்தது. அறிவு இருந்தும் மொழி தடுத்தமையால் எத்தனையோ பிள்ளைகள் அந்த ஓராண்டின் வாயிலிலேயே திரும்பிப் போனார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கூடங்களோடு இணைந்து, புகுமுக வகுப்பு மறைந்தது. மாறிச்செல்லும் பருவத்துக்கென்று தனியாக இருந்த வருஷமும் அத்துடன் போயிற்று. அண்மைக் காலத்தில் பொறியியற் கல்லூரிகளில் புதிய மாணவருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி ஏற்பட்டிருப்பதும், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் தொழில் திறன்களைக் கல்லூரி மாணவருக்கு அளிக்க முற்பட்டிருப்பதும் மகிழ்ந்து வரவேற்கத் தக்கவையே. எனினும், சில வாரங்களில் வாசலைக் காட்டலாம். ஒரு வருஷம் முழுவதும் கூட நடந்தாலன்றிப் பழக்கம் வேரூன்றாது.

இந்தச் சரித்திரம் நமக்குப் புலப்படுத்துவது ஒன்றே: வகுப்பின் பெயரையும் ஆண்டின் எண்ணிக்கையையும் மாற்றுவதால் மட்டும் மாணவன் கற்கும் தொழிலில் தேர்ந்துவிடுவதில்லை. துறையிலே மிகச் சிறந்த ஆசிரியர் எவரோ அவரை முதலாண்டு வகுப்புக்கே அனுப்புவதும், வாரம் ஒரு பக்கமேனும் பிள்ளையைச் சொந்தமாக எழுதச் செய்து, பிழையைச் சுட்டித் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வைப்பதும், நூலகத்தில் அவனோடு நின்று ஒரு நூலின் உள்ளே நுழையும் வழியைக் காட்டுவதும் பெரும் பொருட்செலவை வேண்டும் காரியங்கள் அல்ல. கிண்டிப் பட்டறையில் இரும்புக்குக் கிடைத்த அந்தப் பொறுமை, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளையின் எழுத்துக்கும் பேச்சுக்கும் சிந்தனைக்கும் கிடைக்க வேண்டும். அதனைக் கொடுப்பதே ஒரு சர்வகலாசாலையின் முதற்பெரும் கடமை, பரீட்சை அதற்குப் பின்னர் வருவது.