காயம் தெரியாத வலி

சத்வாவின் டெய்லர் கடைகளில் உடம்பெல்லாம் வலி என்று சொல்பவர்களுக்கு, "டெஸ்டில் ஒன்றுமில்லையே" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். இந்த அவநம்பிக்கை பழையது. 1904இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், தசைகளின் நார்த்திசு அழற்சி என்று கருதி, இத்தகைய வலிக்கு ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்று பெயரிட்டார். அழற்சி அகப்படவில்லை, பெயர் பின்னர் ‘ஃபைப்ரோமையால்ஜியா’ ஆனது. எல்லாம் மனப்பிரமை என்ற பேச்சும் நின்றபாடில்லை.

2013இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 27 நோயாளிகளின் தோல் துணுக்குகளைப் பரிசோதித்தார்கள். 41 விழுக்காட்டில் நுண்நரம்புச் சேதம் தெரிந்தது; நோயற்றவர்களிடம் 3 விழுக்காடுதான். வழக்கமான நரம்புச் சோதனை பெரிய நரம்புகளையே அளக்கும். நுண்ணிழைகள் அதில் சிக்காது. எல்லா நோயாளிகளுக்கும் இந்தச் சேதம் இல்லை. மூளையும் தண்டுவடமும் வலியைப் பெருக்குவதும் உண்டு. மருத்துவச் சான்று இருந்தால்தான் நோய் விடுப்பு என்ற வளைகுடாவில், இந்த வரலாறு ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கு.