உடல் வலிமையும் தோட்டத் தொழிலாளரும்

கோல சிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. அவ்வட்டாரத்துத் தெனமாரம் தோட்டம் பெயரால் தென்னைமரத்தைக் குறிப்பினும், புகழ் பெற்றது செம்பனையால் ஆகும். 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அங்கு நட்டதே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிராகும். நட்டவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. குலை சுமந்தோர் பெயரைத் தேடித்தான் காணவேண்டும்.

அக்காலத் தோட்ட வேலை தசைவலியையே நம்பி நின்றது. ரப்பர்த் தோட்டத்தில் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தனர். செம்பனையிலோ இளமரத்துக்கு உளி. நெடுமரத்துக்கு நீண்ட கழியில் கட்டிய அரிவாள். முற்றிய மரத்தின் குலை 10 முதல் 25 கிலோ வரை நிறுக்கும். அண்ணாந்து அறுக்கையில் கழுத்தும் தோளும் நோகும். குனிந்து தூக்குகையில் இடுப்பு நோகும்.

ஆள் வலுவாக இருந்தால் போதும் என்பார் உளர். வலிமை காப்பாவது உண்மையே. வலுவான தசை, சுமைக்குத் தன் ஆற்றலில் சிறு பங்கையே செலவிடுவதால் விரைவில் களைப்பதில்லை. களைத்த காலே சேற்றில் சறுக்கும். ஆயின் அவ்வலிமை நிலையானதன்று. மலேரியா இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். இரத்தம் குன்றினால் தசைக்கு உயிர்வளி குன்றும். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசுவைக் குறைத்தார். வடிகால் வெட்டிய மண்வெட்டியும் தொழிலாளியின் தசைவலியைக் காத்தது எனலாம்.

முதுமையும் வலிமையைக் குறைக்கும். மேலும், தசை தாங்குவதையெல்லாம் முதுகெலும்பின் இடைவட்டுகள் தாங்குவதில்லை. உடலை விட்டு விலக்கிப் பிடித்த சுமை முதுகுக்குப் பன்மடங்காகும். ஆகவேதான் மலேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, உடலை ஒட்டி இடுப்பளவில் தூக்கும்போதே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என வரம்பு வகுத்தது. தரையிலிருந்து தூக்கினால் வரம்பு இன்னும் குறையும். தரையில் கிடக்கும் பெருங்குலை எத்தகைய சுமை என்பது இதனால் விளங்கும்.

கனத்த கழிக்கு மாற்றாக அலுமினியக் கழியும், தோள்சுமைக்கு மாற்றாகத் தள்ளுவண்டியும் வந்தமை இவ்வகையில் பெரு நன்மையாகும். திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வினையின் வலியை முதலில் வைத்து, செய்வோன் வலியை அதன்பின் வைக்கிறது. தோட்டத்திற்கும் அம்முறையே பொருந்தும். தொழிலாளியின் வலுவை அளக்குமுன் அவன் தூக்கும் சுமையை நிறுத்தல் வேண்டும்.