எதிர்முனை ஈனி: ட்ரான்ஸ் விளைவின் வரலாறு

அணைவுச் சேர்மங்களில் நடுவிலுள்ள உலோக அணுவோடு பிணைந்திருக்கும் அயனிகளும் மூலக்கூறுகளும் ஈனிகள் எனப்படும். இரண்டு என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள பிளாட்டினம் நான்கு ஈனிகளை ஏற்று, அவற்றை ஒரே தளத்தில், ஒரு சதுரத்தின் நான்கு முனைகளில் நிறுத்திக்கொள்கிறது. அந்த நான்கில் எது விரைவில் கழலும், எது அசையாமல் நிற்கும் என்பதை உலோகம் மட்டும் முடிவு செய்வதில்லை. கழலும் ஈனிக்கு நேர் எதிர்முனையில் எந்த ஈனி இருக்கிறது என்பதே அதைப் பெரிதும் முடிவு செய்கிறது. பிளாட்டினத்தின் அம்மோனியா உப்புகள் முதலில் தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து இந்த விதி தெளிவாகச் சொல்லப்பட ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

1820களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் பிளாட்டினம் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. 1828 முதல் 1845 வரை ரஷ்ய அரசு அந்த உலோகத்தில் நாணயங்களும் அச்சிட்டது. அதே 1828இல் ஹைன்ரிக் குஸ்டாவ் மாக்னஸ் ஒரு பச்சை உப்பைப் பெற்றார். நான்கு அம்மோனியாக்களைத் தாங்கிய பிளாட்டினமும் நான்கு குளோரைடுகளைத் தாங்கிய பிளாட்டினமும் மாறி மாறி அடுக்கப்பட்டதே அதன் அமைப்பு என்பது பின்னாளில் தெரிந்தது. அக்காலத்திலேயே கோபன்ஹேகனில் வில்லியம் கிறிஸ்டோபர் சைசே, பிளாட்டினம் குளோரைடை ஆல்கஹாலோடு சேர்த்து எத்திலீன் பிணைந்த மஞ்சள் உப்பு ஒன்றை உருவாக்கினார். எத்திலீன் போன்ற ஒரு வாயு உலோகத்தோடு எப்படிப் பிணைய முடியும் என்ற கேள்விக்கு அன்று விடையில்லை.

1844இல் இன்னொரு புதிர் எழுந்தது. கீசென் நகரில் லீபிக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே, ஒரு பிளாட்டினத்துக்கு இரண்டு குளோரைடும் இரண்டு அம்மோனியாவும் கொண்ட மஞ்சள் சேர்மத்தைத் தயாரித்தார். பிரான்சில் ழூல் ரெய்சே வேறு வழியில் தயாரித்த சேர்மத்திலும் அதே அணுக்கள் அதே விகிதத்தில் இருந்தன. ஆயினும் இரண்டும் கரையும் விதத்திலும் வினைபுரியும் விதத்திலும் வேறுபட்டன. வேதியியலாளர்கள் அவற்றைப் பெய்ரோனே குளோரைடு, ரெய்சே குளோரைடு என்று பெயரிட்டுப் பிரித்தார்கள். வேறுபாட்டின் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

காரணத்தை 1893இல் ஆல்ஃபிரெட் வெர்னர் சொன்னார். நான்கு ஈனிகளும் ஒரு நான்முகியின் முனைகளில் இருந்திருந்தால் இத்தகைய சேர்மத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் அமையும். இரண்டு வடிவங்கள் கிடைப்பதால் அமைப்பு சதுரத் தளமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பெய்ரோனேயின் சேர்மத்தில் இரண்டு குளோரைடுகளும் அடுத்தடுத்த முனைகளில் உள்ளன. அது சிஸ் வடிவம். ரெய்சேயின் சேர்மத்தில் அவை எதிரெதிர் முனைகளில் உள்ளன. அது ட்ரான்ஸ் வடிவம். அணைவுச் சேர்மங்கள் பற்றிய பணிக்காக வெர்னர் 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

இரு வடிவங்களையும் சோதனைக் குழாயில் பிரித்தறியும் வழியைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த நிக்கோலாய் குர்னகோவ் அதே பத்தாண்டில் கண்டுபிடித்தார். சிஸ் வடிவத்தோடு தயோயூரியாவைச் சேர்த்தால் நான்கு ஈனிகளும் வெளியேறி, நான்கு தயோயூரியாக்கள் கொண்ட மஞ்சள் சேர்மம் கிடைக்கிறது. ட்ரான்ஸ் வடிவத்தில் குளோரைடுகள் இரண்டு மட்டுமே வெளியேறுகின்றன; அம்மோனியாக்கள் அப்படியே இருக்க, வெண்ணிறச் சேர்மம் உண்டாகிறது. சிஸ் வடிவத்தில் புதிதாக நுழைந்த ஒவ்வொரு தயோயூரியாவுக்கும் எதிரே ஓர் அம்மோனியா நிற்கிறது. அது தளர்ந்து கழல்கிறது. ட்ரான்ஸ் வடிவத்தில் அம்மோனியாவுக்கு எதிரே அம்மோனியாவே நிற்பதால் எதுவும் தளர்வதில்லை. குர்னகோவ் சோதனையில் ஒரு பொது விதி ஒளிந்திருந்தது.

அந்த விதியை வகுத்தவர் இலியா செர்னியாயெவ். 1918இல் பெட்ரோகிராடில் லெவ் சுகாயெவ் தலைமையில் பிளாட்டினத்துக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1922இல் சுகாயெவ் மறைந்த பின் அவருடைய மாணவர்கள் பணியைத் தொடர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான செர்னியாயெவ் நைட்ரோ ஈனிகள் கொண்ட பிளாட்டினம் சேர்மங்களை ஆராய்ந்து, 1926இல் ட்ரான்ஸ் விளைவை வெளியிட்டார். ஓர் ஈனி தனக்கு எதிர்முனையில் உள்ள ஈனி பதிலீடு செய்யப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. அப்படிக் கூட்டும் ஆற்றல் ஈனிக்கு ஈனி வேறுபடுகிறது என்பது அதன் சாரம். சயனைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் ஆகியவை வரிசையின் உச்சியில் உள்ளன. பாஸ்பீன்களும் ஹைட்ரைடும் அவற்றை ஒட்டி வருகின்றன. தயோயூரியா, நைட்ரோ, அயோடைடு ஆகியவை இடையிலும், புரோமைடும் குளோரைடும் அடுத்தடுத்தும், பிரிடின், அம்மோனியா, நீர் ஆகியவை அடியிலும் அமைகின்றன.

இவ்வரிசை கையில் இருந்தால் விரும்பிய வடிவத்தைத் திட்டமிட்டே தயாரிக்கலாம். நான்கு குளோரைடுகள் கொண்ட பிளாட்டினத்தில் முதல் அம்மோனியா ஏதோ ஒரு முனையில் நுழைகிறது. குளோரைடின் ட்ரான்ஸ் விளைவு அம்மோனியாவினுடையதை விட வலியது. ஆகவே அடுத்துக் கழல்வது, இன்னொரு குளோரைடுக்கு எதிரே நிற்கும் குளோரைடு. இரண்டாம் அம்மோனியா முதலாவதன் பக்கத்திலேயே அமர்ந்து சிஸ் வடிவம் உண்டாகிறது. மாறாக, நான்கு அம்மோனியாக்களில் தொடங்கிக் குளோரைடை நுழைத்தால், முதல் குளோரைடு தனக்கு எதிரே உள்ள அம்மோனியாவைத் தளர்த்துகிறது. இரண்டாவது குளோரைடு அந்த இடத்தைப் பிடித்து ட்ரான்ஸ் வடிவம் உண்டாகிறது. பெய்ரோனேயும் ரெய்சேயும் வேறு வேறு சேர்மங்களை அடைந்ததன் காரணம் இதுவே.

விளைவு ஏன் நிகழ்கிறது என்பதற்கு முதலில் விளக்கம் தந்தவர் லெனின்கிராடின் அலெக்சாண்டர் கிரின்பெர்க். எளிதில் முனைவுறும் ஈனி உலோகத்தின் எலக்ட்ரான் மேகத்தை உருக்குலைத்து, எதிர்முனைப் பிணைப்பை நலிவிக்கிறது என்றார் அவர். ஆனால் எத்திலீனும் கார்பன் மோனாக்சைடும் உச்சியில் இருப்பதை இது விளக்கவில்லை. 1950களில் ஜோசப் சாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், தனியே லெஸ்லி ஆர்கெலும், இத்தகைய ஈனிகள் உலோகத்திடமிருந்து எலக்ட்ரான்களைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். பதிலீட்டின்போது புதிய ஈனி நுழைந்ததும் பழையது உடனே விலகுவதில்லை. சிறிது நேரம் ஐந்து ஈனிகள் கொண்ட இடைநிலை ஒன்று உண்டாகிறது. எலக்ட்ரான் வாங்கும் ஈனி அந்த இடைநிலையின் ஆற்றலைத் தாழ்த்துவதால் வினை விரைகிறது. ஹைட்ரைடு, மெத்தில் போன்ற வலிய எலக்ட்ரான் வழங்கிகளோ எதிர்முனைப் பிணைப்பை முன்கூட்டியே நலிவாக்கி அதே பயனைத் தருகின்றன.

ஐந்து ஈனிகள் கொண்ட இடைநிலை வழியேதான் வினை நடக்கிறது என்பதை ஃப்ரெட் பசோலோ, ரால்ஃப் பியர்சன் ஆகியோரின் வேக அளவீடுகள் உறுதிப்படுத்தின. ஈனியின் பருமனும் வேகத்தை ஆள்கிறது என்பது அவற்றில் தெரிந்தது. பிளாட்டினத்தோடு பிணைந்த பென்சீன் வளையத்தில், பிணைப்பை ஒட்டிய இரு இடங்களிலும் மெத்தில் தொகுதிகள் இருந்தால், தளத்துக்கு மேலும் கீழும் இருந்து நுழைய வேண்டிய ஈனிக்கு வழி அடைபடுகிறது. வினை பல மடங்கு மந்தமாகிறது. மூன்று பிரிடின் வளையங்களை ஒன்றாகக் கோத்த டெர்பிரிடின் ஈனி இதற்கு நேர்மாறானது. தட்டையான அமைப்பும் எலக்ட்ரான் வாங்கும் இயல்பும் சேர்ந்து, எஞ்சிய ஒற்றைக் குளோரைடை அது மிக விரைவாகக் கழலச் செய்கிறது.

1965இல் இவ்வரலாறு மருத்துவத்தை எட்டியது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்கள் இருந்த கரைசலில் பிளாட்டினம் மின்முனைகள் வழியே மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிளவுறாமல் நீண்ட இழைகளாக வளர்ந்தன. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் அம்மோனியாச் சேர்மங்களாக மாறியதே காரணம். 1969இல் எலிகளின் புற்றுக்கட்டிகளை இத்தகைய சேர்மங்கள் கரைப்பது வெளியானது. 1978இல் பெய்ரோனேயின் பழைய சேர்மம் சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ட்ரான்ஸ் வடிவம் மருந்தாகப் பயன்படவில்லை. இடையில் 1970இல் எஸ்.சி. தாரா, இந்திய வேதியியல் இதழில் தூய சிஸ்பிளாட்டினைத் தயாரிக்கும் விரைவு முறையை வெளியிட்டார். முதலில் குளோரைடுகளை அயோடைடுகளாக மாற்றி, அயோடைடின் வலிய ட்ரான்ஸ் விளைவைக் கொண்டு அம்மோனியாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் அமர்த்துவது அம்முறை. பின்பு வெள்ளி நைட்ரேட்டால் அயோடைடை நீக்கிக் குளோரைடு சேர்க்கப்படுகிறது.

உடலுக்குள்ளும் ஈனியின் கழலும் வேகமே மருந்தின் போக்கை முடிவு செய்கிறது. ரத்தத்தில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் சிஸ்பிளாட்டினின் குளோரைடுகள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. செல்லுக்குள் குளோரைடு குறைவு. அங்கே அவை கழன்று நீர் நுழைகிறது. பின்பு பிளாட்டினம் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரு குவானின்களைப் பிணைத்து வளைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்புக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரு காலியிடங்கள் தேவை. சிஸ் வடிவம்தான் அவற்றைத் தர முடியும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கடுமையாகத் தாக்கியதால், மெதுவாகக் கழலும் ஈனி தேடப்பட்டது. இரு கரங்களால் பற்றும் டைகார்பாக்சிலேட்டு ஈனியைக் கொண்ட கார்போபிளாட்டின் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிறுநீரகச் சேதம் அதில் வெகுவாகக் குறைந்தது. அம்மோனியாக்களுக்கு மாற்றாகச் சைக்ளோஹெக்சேன் டையமீனையும், கழலும் ஈனியாக ஆக்சலேட்டையும் கொண்ட ஆக்சாலிபிளாட்டின் பெருங்குடல் புற்றுக்கு மருந்தானது. மூன்றிலும் உலோகம் ஒன்றே. ஈனிகளை மாற்றியே அதன் வேகமும் வேலையும் மாற்றப்பட்டன.