பிள்ளை தங்காத வீடும் பிளாஸ்டிக்கும்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. கல்யாணமாகி வருடங்கள் சென்றும் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கும் வீட்டார் நேரமெடுத்து வாசியுங்கள்.

ஈச்சிலம்பற்றிலும் சரி, தோப்பூர், மூதூரிலும் சரி, ஒரு வீட்டில் பிள்ளை தங்கவில்லை என்றால் முதல் கேள்வி பெண்ணிடம்தான் போகிறது. அவள் உடம்பில் என்ன குறை என்று கேட்கிறோம். அவளும் கணவனும் எதில் சாப்பிடுகிறார்கள், எதில் குடிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. விஞ்ஞானிகள் அதைக் கேட்கத் தொடங்கி 25 வருடங்களுக்கு மேலாகிறது.

கதை 1891இல் தொடங்குகிறது. ரஷ்ய இரசாயன அறிஞர் தியானின், பிஸ்பினோல் ஏ என்ற பொருளை உருவாக்கினார். அப்போது அதற்குப் பயன் இருக்கவில்லை. 1936இல் லண்டனில் சார்ள்ஸ் டொட்ஸ் அதை எலிகளில் சோதித்தார். பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் போல அது வேலை செய்தது. ஆனால் 1938இல் அவர் குழுவினர் அதைவிடப் பலமான ஸ்டில்பெஸ்ட்ரோலைக் கண்டுபிடித்ததால், பிஸ்பினோல் ஏ மருந்தாகவில்லை.

அந்த ஸ்டில்பெஸ்ட்ரோல் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பலனில்லை என்று 1953இலேயே சிக்காகோ ஆய்வு காட்டியும் கொடுப்பது நிற்கவில்லை. அதை உட்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971இல் தெரியவந்தது. அந்த மகள்களில் பலருக்குக் கரு தங்குவதும் சிரமமாக இருந்தது. தாயின் உடலுக்குள் போன ஒரு பொருள், மகளின் தாய்மையைத் தொடலாம் என்பதை உலகம் அப்படித்தான் கற்றுக்கொண்டது.

மருந்தாகாத பிஸ்பினோல் ஏ வேறு வழியால் வீட்டுக்குள் வந்தது. 1953இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பொலிகாபனேட் என்ற கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்டிக் உருவானது. அதற்கு மூலப்பொருள் இதுதான். பால்போத்தல், பெரிய தண்ணீர்க் கலன், டின்மீன் பேணியின் உட்பூச்சு என்று எங்கும் பரவியது.

1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், பட்ரிசியா ஹண்ட் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று சுமார் 40 வீதமான முட்டைகளில் குரோமோசோம் ஒழுங்கு குலைந்திருந்தது. காரணம் தேடினார். எலிகளின் பொலிகாபனேட் கூடுகளும் போத்தல்களும் தவறுதலாக வேறொரு கடுமையான சவர்க்காரத்தால் கழுவப்பட்டதில், பிஸ்பினோல் ஏ கசிந்திருந்தது. 2003இல் அந்த ஆய்வு வெளியானது.

மனிதரில் கருமுட்டையை எண்ணிப் பார்ப்பது எப்படி? அதற்கு வழி திறந்தது சோதனைக்குழாய்ச் சிகிச்சை. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். எங்கள் மார்க்கத்தில் இது கூடுமா என்ற கேள்விக்கும் விரைவிலேயே பதில் கிடைத்தது. கணவன் மனைவி இருவருக்குள் மட்டும் என்றால் ஆகும் என்று எகிப்தின் முஃப்தி ஷெய்க் ஜாதுல் ஹக் 1980 மார்ச்சில் ஃபத்வா வழங்கினார்.

2004 முதல் பொஸ்டனில் உள்ள மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், சிகிச்சைக்கு வந்த தம்பதிகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் அதிகமிருந்த பெண்களிடம் குறைந்த முட்டைகளே கிடைத்தன, குழந்தை பிறக்கும் வாய்ப்பும் குறைந்திருந்தது என்று 2016இல் அறிவித்தார்கள். பிஸ்பினோல் ஏ பற்றிய முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆரம்பத்தில் சிறிய ஆய்வுகள் பாதிப்பைக் காட்டின. பிறகு வந்த பெரிய ஆய்வு அதைக் காணவில்லை. ஆகவே "பிளாஸ்டிக்தான் காரணம்" என்று எவரையும் பயமுறுத்தக் கூடாது. வயது, தைரொய்ட், குழாய் அடைப்பு, ஆணின் விந்தணுக் குறை என்று காரணங்கள் பல.

ஆனாலும் அரசுகள் அசைந்தன. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பால்போத்தலில் பிஸ்பினோல் ஏயைத் தடைசெய்தது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம், ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளக்கூடிய அளவை 20,000 மடங்கு குறைத்தது. இலங்கையில் 2017 செப்டெம்பர் 1இல் லஞ்ச் ஷீட் தடையானது. மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பிறகு, குப்பைக்காக வந்த தடை அது. கருப்பையை நினைத்து வந்ததல்ல.

நல்ல செய்தியும் உண்டு. உடலுக்குள் போகும் பிஸ்பினோல் ஏயின் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரோடு வெளியேறிவிடும். எனவே பழக்கம் மாறினால் பலன் உண்டு. கொதிக்கும் பிளேன்டீயையும் எண்ணெய்க் கறியையும் பையில் கட்டி வாங்காதீர்கள். சூடும் எண்ணெயும் பட்டால்தான் இந்தப் பொருட்கள் அதிகம் கசியும். ஏனத்தைக் கையோடு கொண்டு போங்கள். வாழையிலையும் கண்ணாடிப் போத்தலும் எங்களுக்குப் புதிதல்ல. எருமைத் தயிரை நாங்கள் இன்னும் சட்டியில்தானே வாங்குகிறோம்.

இதை வாசித்துவிட்டு யாரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். டொக்டரிடம் போகும்போது கணவனும் சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்ளட்டும். முதுமையிலும் பிள்ளை கேட்டு இறைஞ்சிய ஸக்கரிய்யா நபியின் வரலாற்றை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே கேட்டது கணவன்தான். கல்யாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்து "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா" என்று கேட்கும் வழக்கத்தை, லஞ்ச் ஷீட்டோடு சேர்த்து விட்டுவிடுவோம்.