திருமலை முடியும் யூதச் சமயச் சட்டமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுக்காரர்கள் மொட்டை போடத் திருத்தணிக்குப் போவார்கள், இல்லையேல் திருமலைக்கு. திருமலையில் இறக்கிய முடி ஏலம் போய், பல கை மாறி, வெளிநாடுகளில் டோப்பாவாகிறது. வாங்குவோரில் வைதிக யூதப் பெண்களும் உண்டு. மணமானவள் பிறர் காணத் தலைமுடியைக் காட்டலாகாது என்பது அவர்கள் விதி. பலர் அதற்காகவே ‘ஷேய்ட்டல்’ என்னும் பொய்முடி அணிகிறார்கள்.

2004 மே மாதம் எருசலேமின் மூத்த ரப்பி (யூத மதகுரு) யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் இந்த முடிக்குத் தடை விதித்தார். அயல் தெய்வத்துக்குப் படைத்த பொருளால் யூதர் எந்தப் பயனும் அடையக் கூடாது, விற்கவும் கூடாது என்பது யூதச் சமயச் சட்டம். நியூயார்க்கின் புரூக்ளினில் விலையுயர்ந்த பொய்முடிகள் தெருவிலேயே கொளுத்தப்பட்டன.

சிக்கல் நுணுக்கமானது. முடி சன்னதியில் படைக்கப்படுவதில்லை, முடியிறக்கும் கூடமான கல்யாணக்கட்டாவில் மழிக்கப்படுகிறது. மழிப்பதே வழிபாடா, தரிசனத்துக்கு முந்தைய தயாரிப்பு மட்டுமா? லண்டனிலிருந்து ரப்பி அகரோன் டன்னர் நேரில் வந்து விசாரித்துச் சொன்ன பிறகே தீர்ப்பு வந்தது. நேர்ந்துகொண்டவரைக் கேட்டால் பெருமாளுக்குத்தான் என்பார், வேறென்ன சொல்வார்!

எல்லா ரப்பிகளும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் ஐரோப்பிய முடிக்கும் செயற்கை முடிக்கும் கிராக்கி கூடியது.