வட்டின் உழைப்பை அளக்கும் எண்கள்: ஒரு வரலாற்று ஆய்வு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு வன்தட்டுகளை உற்பத்தி செய்த பூமி. பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நெடுங்காலம் நடத்திவந்த வன்தட்டுத் தொழிற்சாலையை 2019-ஆம் ஆண்டின் இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்ததற்கு, சுழலும் தட்டுகளுக்குத் தேவை குறைந்து, அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத எஸ்எஸ்டி வட்டுகளுக்குத் தேவை பெருகிய உலகப் போக்கே பின்னணியாக இருந்தது. அப்போக்கு தொழிலாளர்களின் பிழைப்பை மட்டும் பாதிக்கவில்லை. தெலுக் பங்லிமா காராங்கின் தொழிற்பேட்டையிலும் சைபர்ஜெயாவின் தரவு மையங்களிலும் செர்வர்களைப் பராமரிப்போர் நாள்தோறும் திரையில் காணும் எண்களின் அர்த்தத்தையும் அது மாற்றிவிட்டது. சுழலும் வட்டுக்கென்று பிறந்த அளவைகள் சுழலாத வட்டுக்கு எவ்வாறு பொருந்தாமற் போயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வளவைகளின் பூர்வீகம் யூனிக்ஸில் இருக்கிறது. 1975-இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பிலேயே, வட்டின் உழைப்பைக் காட்டும் ஐஓஸ்டாட் என்னும் கட்டளை இடம்பெற்றது. அக்கட்டளை அளந்த வன்தட்டின் சுபாவமாவது, படிக்கும் தலைகள் யாவும் ஒரே புயத்தில் கோக்கப்பட்டு ஒருசேர நகர்வதால், ஒரு சமயத்தில் ஒரே கோரிக்கையை நிறைவேற்றுவது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டிலும் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி செல்லும். வேண்டிய இடம் தலையின்கீழ் வந்துசேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருந்தே தீரவேண்டும். ஆகவே, வட்டு எவ்வளவு நேரம் ஓய்வின்றி உழைத்தது என்று தெரிந்தால், அதன் சக்தியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6, ஒவ்வொரு வட்டுக்கும் 11 எண்களை டிஸ்க்ஸ்டாட்ஸ் என்னும் கோப்பில் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை கணினி இயங்கத் தொடங்கிய கணம் முதல் கூடிக்கொண்டே போவனவாதலால், இரு வேளைகளில் எடுத்த கணக்குகளின் வித்தியாசமே பயன் தரும். செபாஸ்தியன் கோதார் இயற்றிய சிஸ்ஸ்டாட் தொகுப்பின் ஐஓஸ்டாட் அவ்வித்தியாசத்தையே கணிக்கிறது. உதாரணமாக, 10 விநாடிகளில் 1,200 கோரிக்கைகள் முடிந்தன. காத்திருந்ததும் நிறைவேறியதுமாக அவற்றுக்குச் சென்ற நேரம் மொத்தம் 6,000 மில்லிவிநாடி. வட்டு வேலையில் இருந்தது 4,800 மில்லிவிநாடி என்று கொள்வோம். ஒரு கோரிக்கைக்கு 5 மில்லிவிநாடி என்பது அவெய்ட்; வட்டு வேலையில் இருந்த நேரத்தின் பங்கான 48 சதவீதம் என்பது யூட்டில்; விநாடிக்கு 120 கோரிக்கைகளை 0.005 விநாடியால் பெருக்கக் கிடைக்கும் 0.6 என்பது வரிசையின் சராசரி நீளம். இப்பெருக்கல், ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியின் பிரயோகமே. 4,800-ஐ 1,200-ஆல் வகுத்து, ஒரு கோரிக்கைக்கான சேவை நேரம் 4 மில்லிவிநாடி என்றும் கருவி காட்டிவந்தது.

2011-இல் எஸ்எஸ்டி வட்டுகளுக்கான என்விஎம்இ நியமம் வெளியாகி, ஒரே சாதனம் 65,535 வரிசைகள் வரை ஏற்றுப் பல கோரிக்கைகளை ஒருசேர நிறைவேற்றலாம் என்றானபோது இக்கணக்கின் அடிப்படை ஆட்டங்கண்டது. தெலுக் பங்லிமா காராங் வழியே செல்லும் தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலையில் எட்டுக் கூண்டுகள் கொண்ட ஒரு சுங்கச்சாவடியைக் கற்பித்துக்கொண்டால், எந்தக் கூண்டிலேனும் ஒரு வண்டி நிற்கும் நேரத்தையெல்லாம் சேர்த்தெண்ணுவதே யூட்டில். ஒரு கூண்டு மட்டும் இடைவிடாது இயங்கி, ஏழும் வெறுமையாயிருப்பினும் அது 100 சதவீதம் என்றே சொல்லும்.

கருவிகளை ஆக்கியவர்கள் இதை அறியாதவர்களல்லர். சேவை நேரத்தை நம்பவேண்டாமென்று ஐஓஸ்டாட்டின் கையேடு முதலில் எச்சரித்தது. பின்னர் சேவை நேரமே கருவியின் திரையிலிருந்து நீக்கப்பட்டது. இணையாக வேலை செய்யும் ரெய்டு வட்டுத் தொகுதிகளிலும் எஸ்எஸ்டிகளிலும் யூட்டில் சாதனத்தின் எல்லையைக் காட்டாது என்ற குறிப்பும் கையேட்டில் சேர்ந்தது. 2019-இல் வந்த லினக்ஸ் 5.0 முதல் வேலைநேரக் கணக்கே தோராயமாயிற்று. ஆனால் எச்சரிக்கை கையேட்டில் இருக்க, யூட்டில் எண் திரையில் நிற்கிறது. பார்ப்பவர் திரையையே பார்க்கிறார்.

ஆதலால், எஸ்எஸ்டி பொருத்திய செர்வரில் அவெய்ட்டை முதலில் நோக்கி, அதே செர்வர் சாதாரண நாளில் காட்டிய அளவோடு அதை ஒப்பிட்டு, அதன்பின் வரிசையின் நீளத்தைக் கண்டு, யூட்டிலை 'வேலை இருந்தது' என்பதற்கு மட்டுமே பிரமாணமாகக் கொள்வதுதான் முறை. 100 சதவீதம் என்று கண்ட மாத்திரத்தில் புது வட்டு கேட்டு விண்ணப்பம் எழுதுவது, சுழலும் வட்டுக்குரிய நியாயத்தைச் சுழலாத வட்டின்மேல் ஏற்றுவதாகும்.