பெருந்தொற்றும் வீடற்ற இளம்பருவத்தினரும்

மக்கள் யாவரும் வீட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்னும் ஆணை, 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றிற் பிறந்தது. கொவிட் பெருந்தொற்றைத் தடுத்தற்கு அவ்வாணை வேண்டியதாயிற்று. ஆயின், வீடே இல்லாத இளைஞனுக்கு அதன் பொருள் யாது? இவ்வினாவை ஆராயப் புகுவோர் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1967 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் பல்லாயிரம் இளைஞர் சன்பிரான்சிஸ்கோ நகரிலே திரண்டனர். பெற்றோரைப் பிரிந்து வந்த பதின்ம வயதினரும் அவருட் பலர். இத்தகையோரைப் பொலிசார் பிடித்து அடைத்து வைத்தலே அந்நாளைய வழக்கம். அதற்கு மாறாக, உறங்க இடமளித்து அவர்தம் துயரையும் கேட்கும் ஹக்கிள்பெரி இல்லம் அவ்வாண்டில் அங்கே தோன்றிற்று. 1971 இல், வீட்டைவிட்டு வெளியேறிய சிறுவர்க்கென ஒரு தொலைபேசிச் சேவை சிக்காகோ நகரில் ஆரம்பமாயிற்று. 1974 இல் இத்தகைய இல்லங்களுக்குப் பொருளுதவி வழங்கும் சட்டம் நிறைவேறியது. 1987 ஆம் ஆண்டின் மக்கினி சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும், வீடற்ற பிள்ளைகளைப் பாடசாலைகள் தேடிக் கண்டு சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என விதித்தன.

இத்தனை முயற்சிக்குப் பின்னும் குறை தீரவில்லை. 13 முதல் 17 வரையான வயதினருள் ஏறத்தாழ முப்பதின்மரில் ஒருவர், ஓராண்டுக் காலத்துள் ஒருமுறையேனும் பெற்றோர் துணையின்றி வீடற்றிருந்தனர் என்று 2017 இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. குடும்பச் சண்டை, வன்கொடுமை, வறுமை ஆகியவை அவர்களை வெளியேற்றுகின்றன. பசியும் அச்சமும் கைவிடப்பட்டோம் என்னும் ஏக்கமும் கூடியவிடத்துத் தற்கொலை எண்ணமும் மிகுகின்றது. ஏனைய இளைஞரிலும் இவர்க்கு இவ்வாபத்து அதிகம் என்பது பெருந்தொற்றுக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது.

இவர்களுட் பலரைத் தாங்கி நின்றவை மிகச் சிறியவையே: பாடசாலையின் மதிய உணவு, நூல்நிலையத்தின் ஒரு மூலை, நண்பன் வீட்டுத் திண்ணை, வாடிய முகத்தைக் கண்டு என்ன நேர்ந்தது என்று வினவும் ஓர் ஆசிரியர். 2020 இல் இவையனைத்தும் ஒருங்கே அகன்றன. பாடசாலைகளும் நூல்நிலையங்களும் மூடப்பட்டன. தொற்றுக்கு அஞ்சிய வீடுகள் பிறரை ஏற்கவில்லை. தங்குமிடங்களும் இடைவெளி பேணுதற்பொருட்டுப் படுக்கைகளைக் குறைத்தன.

அமெரிக்கப் பாடசாலைகள் 2019–20 கல்வியாண்டில் வீடற்ற மாணவர் எனக் கண்டோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரவர். அடுத்த ஆண்டில் அத்தொகை 11 இலட்சமாயிற்று. ஏனையோர்க்கெல்லாம் வீடு கிடைத்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. அவர்களைக் காணும் கண்கள் மூடியிருந்தமையே பெருங் காரணம். தற்கொலைக் கணக்கும் இத்தகையதே. 2020 இல் நாட்டின் மொத்தத் தொகை சற்றுக் குறைந்தது. ஆனால், 2021 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில், தற்கொலை முயற்சி என்னும் ஐயத்துடன் வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளின் தொகை, 2019 இன் அதே காலத்தினும் ஏறத்தாழ 51 சதவீதம் மிகுந்திருந்தது. மொத்தத் தொகைக்குள்ளே பிள்ளைகளின் துயர் மறைந்துபோயிற்று.

2021 இல் வீடற்ற மாணவரைத் தேடிக் கண்டு உதவுதற்கென 80 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. 2022 யூலையில், உயிர் வெறுத்தோர் எவரும் அழைக்கத்தக்க 988 என்னும் மூன்றிலக்கத் தொலைபேசி எண் நாடெங்கும் வழக்கில் வந்தது. எனினும் பணமும் எண்ணும் மட்டும் போதா. தற்கொலை பற்றி வெளிப்படையாக வினவுதல் அவ்வெண்ணத்தை விதைப்பதன்று. பெரும்பாலும் பாரத்தை இறக்கிவைக்க அது வழி திறக்கின்றது. இனியொரு பெருந்தொற்று வந்து கதவுகளை அடைக்க நேரின், அடைக்குமுன், அக்கதவையே வீடாகக் கொண்டோர் எவர் என்று எண்ணிப் பார்த்தல் ஆள்வோர் கடன்; அவர்களைப் பெயர் சொல்லித் தேடுதல் ஆசிரியர் கடன்.